வெக்கையில் அறுபடும் ஒலி: ஒரு லினக்ஸ் பதிவறை அனுபவம்

லினக்ஸ் கணினியில் பாட்டுப் பதிவு செய்கிறவர்களுக்கு அந்த "டப்" சத்தத்தை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. பாடகி நீண்ட கார்வையில் நிற்கும்போது, மிருதங்கம் தீர்மானத்தை நெருங்கும்போது, பார்த்துக் காத்திருந்தது போல ஒரு வெட்டு விழும். திரையில் எக்ஸ்ரன் எண்ணிக்கை, அதாவது கணினி ஒலியை நேரத்துக்குக் கொடுக்கத் தவறிய தடவைகளின் எண்ணிக்கை, ஒன்றால் கூடியிருக்கும். அதற்கு மேல் கணினி எந்த விளக்கமும் தராது.

நான் வெள்ளவத்தையில் வீட்டு அறையொன்றில் பதிவு செய்கிறேன். சங்கீத ஆசிரியைகள், அரங்கேற்றத்துக்கு முதல் ஒத்திகையைப் பதிந்து கேட்க விரும்பும் பிள்ளைகள், கோயில் திருவிழாவுக்குப் பக்திப்பாடல் வெளியிடுகிறவர்கள், இப்படிப்பட்டவர்கள்தான் வருவார்கள். கணினி பாவித்த லாப்டாப். பதிவுக்கு ஆர்டோர் என்ற மென்பொருள், அதற்கு அடியில் ஒலியை நிரல்களுக்கிடையே கொண்டுபோகும் பைப்வயர், வெளியே மைக்கையும் ஹெட்போனையும் இணைக்கும் ஒரு யூஎஸ்பி ஓடியோ இன்டர்ஃபேஸ். ஒலி அறுபடுவதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் வைத்தியங்கள் எல்லாவற்றையும் செய்து பார்த்திருக்கிறேன். சில பலித்தன. சில கொழும்பு வெக்கையில் நிலைமையை இன்னும் கெடுத்தன. அந்த இரண்டாவது வகையைப் பற்றி யாரும் எழுதிக் காணவில்லை.

முதலில் கணக்கு. கணினி ஒலியைச் செக்கனுக்கு 48,000 மாதிரிகளாக அளந்து, பஃபர் என்ற சிறு தொகுதிகளாகக் கையாள்கிறது. ஒரு பஃபரில் 128 மாதிரிகள் என்றால் கணினிக்குக் கிடைக்கும் அவகாசம் 2.67 மில்லிசெக்கன். அதற்குள் உள்ளே வந்த ஒலியை எடுத்து, எதிரொலி சேர்த்து, தம்பூராவோடு கலந்து, ஹெட்போனுக்குத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஒரு செக்கனுக்கு 375 தடவை இது நடக்கிறது. 374 தடவை நேரத்துக்கு முடித்து ஒரு தடவை பிந்தினாலும் காதுக்கு அந்த ஒன்றுதான் கேட்கும். வேகமான ஐ7 செயலி (CPU) உள்ள கணினி வாங்கினால் சரியாகிவிடுமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இதுதான்: நாரஹேன்பிட்டி ரயில் கடவை பூட்டியிருந்தால் உங்கள் வாகனம் எத்தனை குதிரைவலு என்று யாரும் கேட்கப் போவதில்லை. கடவையைப் பூட்டியது யார் என்றுதான் தேட வேண்டும்.

அதற்கும் முதல் இன்னொரு கேள்வி இருக்கிறது. இவ்வளவு குறைந்த தாமதம் உங்களுக்கு உண்மையிலேயே தேவையா?

ஒரு சங்கீத டீச்சர் பாட வந்தபோது பஃபர் 1024 இல் இருந்தது. "தம்பி, என்ர குரல் எனக்கே பிந்தி வருது, தாளம் பிடிக்க ஏலாமக் கிடக்கு" என்றார். சரிதான். 1024 மாதிரிகள் என்றால் 21 மில்லிசெக்கன். உள்ளே வரவும் வெளியே போகவும் சேர்த்தால் 40 ஐத் தாண்டும். உடனே இன்டர்ஃபேஸில் உள்ள நேரடிக் கேட்புக் குமிழைத் திருப்பிவிட்டேன். மைக்கின் ஒலி கணினிக்குள் போகாமலே ஹெட்போனுக்கு வந்துவிடும், தாமதம் என்ற பேச்சே இல்லை. "இப்ப சரி. ஆனா குரல் வெறுமையாக் கேக்குது. கோயில் மண்டபத்தில பாடுற மாதிரி வேணும்" என்றார். அதற்கும் வழி உண்டு. குரலை நேரடியாகக் கேட்க விட்டு, எதிரொலியை மட்டும் கணினியிலிருந்து அனுப்பலாம். எதிரொலியை உண்டாக்கும் செருகியில் (plugin) மூல ஒலியை முழுதாகக் குறைத்துவிட்டு எதிரொலியை மட்டும் விட வேண்டும். எதிரொலி 20, 30 மில்லிசெக்கன் பிந்தி வருவது இயல்பு. பெரிய மண்டபத்தில் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியும் பிந்தித்தான் வருகிறது. 256 அல்லது 512 இல் வைத்தே வேலை முடிந்துவிடும். பாடகர்களில் பெரும்பாலானோருக்கு இதற்கு மேல் எதுவும் வேண்டாம். எக்ஸ்ரன் தேடும் வேலையும் மிச்சம்.

மிடி கீபோர்டில் மென்பொருள் வாத்தியங்களை வாசிக்கிறவர்களுக்கு இந்தக் குறுக்குவழி கிடையாது. ஒலி பிறப்பதே கணினிக்குள். கட்டையை அழுத்தியதும் கேட்க வேண்டும். கிற்றாரைக் கணினி வழியாக வாசிக்கிறவர்களும் அப்படித்தான். இனி எழுதுவது இவர்களுக்காக. ப்ளூடூத் ஹெட்போன் வைத்திருந்தால் அதைக் கழற்றிவிட்டு வயர் உள்ளதை மாட்டிக்கொண்டு தொடருங்கள். அந்தத் தாமதத்தை லினக்ஸின் மையப்பகுதியான கேர்னல் எதனாலும் குறைக்க முடியாது.

தேடலைத் தொடங்க வேண்டிய இடம் பைப்வயரோடு வரும் பீ-டபிள்யூ-டொப் என்ற சிறிய கட்டளை. டெர்மினலில் ஓடவிட்டால் ஒலி போகும் ஒவ்வொரு நிரலும் ஒரு வரியாகத் தெரியும். பிழை எண்ணிக்கைக்கு ஒரு பத்தி (column) உண்டு, எக்ஸ்ரன் அங்கே ஏறும். அதைவிட எனக்கு முக்கியமானது கிடைத்த அவகாசத்தில் எத்தனை பங்கு வேலையில் கழிந்தது என்று காட்டும் விகிதம். அது 0.9 ஐத் தொட்டுக்கொண்டு பிழை ஏறினால் கணினிக்குச் சுமை கூடிவிட்டது. கனமான எதிரொலிச் செருகிகளைக் குறைக்க வேண்டும், அல்லது முடிந்த தடங்களை ஒலியாக உறைய வைக்க வேண்டும். விகிதம் 0.2 இலேயே நிற்கிறது, ஆனாலும் பிழை ஏறுகிறது என்றால் செருகிகளில் கை வைக்காதீர்கள். வேலை குறைவு, ஆனால் வேலையைத் தொடங்கவே விடாமல் யாரோ மறிக்கிறார்கள். இந்த இரண்டையும் பிரித்தறியாமல் பஃபரைக் கூட்டிக் குறைத்து விளையாடுவதில் பலருடைய மாலைகள் போயிருக்கின்றன.

வெட்டு எப்போது விழுகிறது என்பதையும் கவனியுங்கள். ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப விழுந்தால் பின்னணியில் ஓடும் ஏதோ ஒரு வழக்கமான வேலை. ஒலி அடங்கும்போது மட்டும் விழுந்தால் பழைய செருகி ஒன்று பூச்சியத்தை நெருங்கும் மிகச்சிறிய எண்களைக் கையாள முடியாமல் திணறுகிறது. தொடக்கத்தில் நன்றாக இருந்து நேரம் போகப் போகக் கூடினால் வெப்பம். காரணத்தின் பாதி இந்த ஒழுங்கிலேயே தெரிந்துவிடும். ஆகவே விழுந்த நேரங்களை ஒரு தாளில் குறித்து வைப்பது நல்லது. பிறகு ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். ஐந்தை ஒன்றாக மாற்றினால் சரியாகிவிடலாம், எது சரியாக்கியது என்று தெரியாது. அடுத்த புதுப்பிப்போடு திரும்பி வரும்போது கையைப் பிசைய வேண்டியிருக்கும்.

அனுமதிகளை விரைவாகப் பார்த்துவிடலாம். ஒலி நிரல்களுக்கு நிகழ்நேர முன்னுரிமை, அதாவது மற்ற வேலைகளை முந்திச் செல்லும் உரிமை, கிடைக்க வேண்டும். பயனர் ஓடியோ குழுவில் இருக்கிறாரா, அந்தக் குழுவுக்கு முன்னுரிமை உச்சவரம்பு 95 என்றும் நினைவகப் பூட்டு வரம்பில்லாமலும் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மாற்றினால் ஒருமுறை வெளியேறி உள்நுழைய வேண்டும், இல்லாவிட்டால் பலன் தராது. உபுண்டு ஸ்டூடியோ போன்ற லினக்ஸ் பதிப்புகள் இதை ஏற்கெனவே செய்து வைத்திருக்கின்றன. ஆர்டிசிகியூஎஸ் என்ற சிறிய சோதனை நிரலை ஓடவிட்டால் எது குறைகிறது என்று பட்டியல் போட்டுத் தரும். அந்தப் பட்டியலில் சிவப்பாக வருவதையெல்லாம் பச்சையாக்கினால்தான் ஆகும் என்று நினைக்க வேண்டாம். ஏன் என்பது வெப்பத்துக்கு வரும்போது தெரியும்.

கேர்னல் பற்றி நிறைய நம்பிக்கைகள் உலவுகின்றன. நிகழ்நேரக் கேர்னல் நீண்ட காலம் தனியாகச் சேர்க்க வேண்டிய ஒட்டாக (patch) இருந்து, 2024 நவம்பரில் வந்த லினக்ஸ் 6.12 இல்தான் பிரதானக் கேர்னலோடு முழுமையாகச் சேர்ந்தது. ஏறத்தாழ 20 வருட உழைப்பு. பெரிய விஷயம்தான். ஆனால் வீட்டுப் பதிவறைக்கு அது கட்டாயம் என்று நான் சொல்லமாட்டேன். வழமையான கேர்னலையே முழு முன்கொள்ளல் முறையில் (அவசர வேலை வந்தால் மற்றதை இடைநிறுத்தும் முறை) தொடக்கி, கருவிகள் செயலியை அழைக்கும் இடையீடுகளைத் (interrupts) தனி நூல்களாக்கும் (threads) த்ரெட்-ஐஆர்க்யூஸ் தெரிவையும் சேர்த்தால் 128 இல் தாராளமாக வேலை செய்யலாம். இரண்டும் தொடக்க வரியில் சேர்க்கும் சொற்கள்தான், எதையும் தொகுக்கத் தேவையில்லை. ஒரு கருவியை இயக்கும் கெட்ட சாரதி மென்பொருள் (driver) ஒன்று கடவையைப் பூட்டிக்கொண்டிருந்தால் நிகழ்நேரக் கேர்னலும் வாசலில்தான் நிற்கும்.

என் கணினியில் முதலில் பிடிபட்டது வைஃபை. வெட்டுகள் ஏறத்தாழ ஒரே இடைவெளியில் விழுந்தன. வைஃபை இணைந்திருக்கும்போதும் பின்னணியில் அக்கம்பக்கத்துச் சமிக்ஞைகளைத் தேடிக்கொண்டே இருக்கும். வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் ஒவ்வொரு மாடிக்கும் ஒரு ரவுட்டர், தேடலுக்குக் குறைவில்லை. மேசைத் திரையில் வைஃபை பட்டனை நிற்பாட்டியதும் இடைவெளி தவறாத அந்த வெட்டுகள் போய்விட்டன. இணையம் வேண்டுமென்றால் வயரில் எடுக்கலாம். பதிவின்போது இணையம் எதற்கு என்பது வேறு கேள்வி. வட்ஸப்பில் தம்பூரா சுருதி அனுப்பி வைத்திருக்கிறேன் என்று சொல்லும் பாடகர்களுக்காகத்தான் அதையும் வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

ஒழுங்கான வெட்டு போன பிறகும் ஒழுங்கில்லாத வெட்டு மிஞ்சியது. அதுதான் வெக்கை.

வெள்ளவத்தையில் ஒருபக்கம் கடலோர ரயில் பாதை, மறுபக்கம் காலி வீதி. ரயில் போனால் மைக் பிடிக்கும், தனியார் பஸ் ஹோன் அடித்தாலும் பிடிக்கும். பதிவு தொடங்க முதல் யன்னல்களைப் பூட்டியாக வேண்டும். ஃபேன், ஏசி இரண்டின் சத்தமும் குரலுக்குப் பின்னால் இரைச்சலாக நிற்கும் என்பதால் அவையும் நிற்க வேண்டும். கொழும்பில் வருடம் முழுவதும் பகல் வெப்பநிலை 30 பாகை செல்சியஸை ஒட்டியே இருக்கிறது, ஈரப்பதனும் கூட. பூட்டிய அறையில் நாலு பேரும் ஒரு லாப்டாப்பும் இருந்தால் எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பாடுகிறவர் துவாயால் முகம் துடைத்துக்கொள்வார். லாப்டாப்புக்கு அந்த வசதி இல்லை.

செயலி தன் எல்லை வெப்பநிலையைத் தொட்டதும், பல இன்டெல் செயலிகளில் அது 100 பாகை, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைச் சட்டென்று குறைக்கும். 3 கிகாஹெர்ட்ஸில் ஓடியது 1 க்கு இறங்கினால், ஒன்றரை மில்லிசெக்கனில் முடிந்த வேலை நாலரை எடுக்கும். அவகாசமோ 2.67 தான். கொஞ்சம் ஆறியதும் வேகம் மீண்டும் ஏறும், மீண்டும் சூடாகும், மீண்டும் இறங்கும். வெட்டுகளில் ஒழுங்கு இல்லாததற்கு இதுதான் காரணம். கண்டுபிடிப்பது கடினமில்லை. கேர்னல் எழுதி வைக்கும் குறிப்பேட்டில் (log) வெப்பநிலை எல்லையைக் கடந்தது, கடிகார வேகம் மட்டுப்படுத்தப்பட்டது என்று தெளிவாகவே ஒரு வரி விழுந்திருக்கும். முதல் பாட்டு சுத்தமாக வந்து, பிற்பகல் போகப் போக வெட்டுகள் கூடினால் அந்தக் குறிப்பேட்டைத்தான் முதலில் திறந்து பார்க்க வேண்டும்.

வழக்கமான வைத்தியம் காலை வாரிவிடுவது இந்த இடத்தில்தான். செயலியின் வேகத்தைத் தீர்மானிக்கும் ஆளுநரை (governor) "செயல்திறன்" நிலையில் வை, ஆழ்ந்த உறக்க நிலைகளை முடக்கு, செயலியை வழமையான வேகத்துக்கு மேல் ஓட்டும் டர்போவை முழு மூச்சில் ஓடவிடு என்று சொல்வார்கள். சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆழ்ந்த உறக்கத்திலிருந்து செயலி எழும்ப நேரம் எடுக்கும், வேகத்தை மாற்றவும் நேரம் எடுக்கும். ஆனால் இந்த மூன்றும் சேர்ந்து செய்கிற காரியம் செயலிக்கு ஆறுவதற்கு ஒரு கணமும் கொடுக்காமல் விடுவது. குளிர் நாட்டில், பெரிய காற்றாடி பூட்டிய மேசைக் கணினியில் அது தாங்கும். யன்னல் பூட்டிய வெள்ளவத்தை அறையில் மெல்லிய லாப்டாப் ஒன்று பத்து நிமிடத்தில் எல்லையைத் தொட்டுவிடும். எக்ஸ்ரனைக் குறைக்கச் செய்த வேலை எக்ஸ்ரனைக் கூட்டும்.

எனக்குப் பலித்தது இதற்கு நேர்மாறான வழி. டர்போவை நிற்பாட்டினேன். இன்டெல் செயலிகளில் அதற்கென்றே நோ-டர்போ என்ற சிறிய அமைப்புக் கோப்பு இருக்கிறது, அதில் 1 என்று எழுதினால் போதும். கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் பயோஸின் அமைப்பிலும் செய்யலாம். செயலியின் உச்ச வேகம் குறைந்தது, பீ-டபிள்யூ-டொப்பில் வேலை விகிதம் கொஞ்சம் ஏறியது. அதைப் பார்த்துப் பயப்படக்கூடாது. வேகம் குறைவு, ஆனால் ஒரே சீர். வெப்பநிலை எல்லையை நெருங்கவே இல்லை. வெட்டுகள் நின்றன. உறக்க நிலைகளை நிரந்தரமாக முடக்கும் தொடக்கச் சொல்லையும் எடுத்துவிட்டேன். பதிவு ஓடும் நேரத்தில் மட்டும் செயலியை ஆழ்ந்து உறங்கவிடாமல் வைக்க லினக்ஸில் ஒரு ஏற்பாடு உண்டு: சீபீயூ-டிஎம்ஏ-லேட்டன்சி என்ற கோப்பை ஒரு நிரல் திறந்து வைத்திருக்கும் வரை மட்டும் அது செல்லும், மூடியதும் பழைய நிலை. பாட்டுக்குப் பாட்டு இடைவேளையில் கணினியும் இளைப்பாறும்.

மிச்சம் கைவேலை. லாப்டாப்பைத் திருத்துகிற தம்பி மூடியைத் திறந்தபோது வெப்பத்தை வெளியேற்றும் தகடுகளுக்கு முன்னால் தூசு அட்டையாகப் படிந்திருந்தது. அதைச் சுத்தம் செய்து வெப்பப் பசையையும் மாற்றினார். எந்த மென்பொருள் அமைப்பும் தராத வித்தியாசம் அதில் கிடைத்தது. மேசை விரிப்பின் மேல் வைக்காமல் நாலு மூலையிலும் ஏதாவது வைத்து உயர்த்தினால் அடியில் காற்று போகும். இடம் இருந்தால் இன்னும் நல்லது, லாப்டாப்பை அறைக்கு வெளியே நடையில் வைத்துவிடுவது. யூஎஸ்பி 2.0 வயர் 5 மீட்டர் வரை நம்பிக்கையாகப் போகும். உள்ளே திரையும் கீபோர்டும் மட்டும். லாப்டாப் காற்றாடியின் சத்தமும் மைக்கை விட்டுப் போய்விடும். ஏசியைப் பதிவுக்கு முதல் நன்றாக ஓடவிட்டு, எடுக்கும்போது மட்டும் நிற்பாட்டுவது பாடுகிறவருக்கும் ஆறுதல்.

மின்சாரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2022 இல் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை போன காலத்தில் பற்றரியில்தான் பதிவு ஓடியது. வயரில் சுத்தமாக ஓடிய கணினி பற்றரிக்கு மாறிய அந்தக் கணமே வெட்டத் தொடங்கும். மின்சேமிப்பு நிரல்கள் வயருக்கு ஒரு கணக்கு, பற்றரிக்கு இன்னொரு கணக்கு வைத்திருப்பதுதான் காரணம். பற்றரிக்கு மாறியதும் வேகம் குறையும், யூஎஸ்பிக் கருவிகளை உறங்கவைக்கும் வேலையும் தொடங்கும். அந்த நிரலின் அமைப்பில் பற்றரிப் பக்கத்தையும் வயர்ப் பக்கத்தைப் போலவே ஆக்கிவிட்டால் மாற்றம் நிகழாது, பற்றரி சீக்கிரம் இறங்கும், அவ்வளவுதான். யூபிஎஸ் இருக்கிறவர்கள் அது கத்தும் ஓசையை நிற்பாட்டும் பட்டன் எங்கே என்று முன்கூட்டியே பார்த்து வைத்திருங்கள். அந்தக் கீச்சுச் சத்தத்தை ராகத்தில் சேர்க்க முடியாது.

யூஎஸ்பியில் சொல்ல அதிகமில்லை. இன்டர்ஃபேஸை ஹப் வழியாகப் போடாமல் நேரடித் துளையில் போடுங்கள். வெப்கமரா அதே கட்டுப்படுத்தியில் இருந்தால் வேறு பக்கத்துக்கு மாற்றுங்கள். பைப்வயருக்குப் பதிலாக ஜாக் என்ற ஒலி மென்பொருளைப் பாவிக்கிறவர்கள் யூஎஸ்பிக் கருவிக்குப் பீரியட் (பஃபர் தொகுதிகள்) எண்ணிக்கையை 2 இல் விடாமல் 3 ஆக்குங்கள். தானாக உறங்கும் அமைப்பை அந்தக் கருவிக்கு மட்டும் முடக்குங்கள். கடலோரம் இருக்கிறவர்களுக்கு இன்னொன்று: உப்புக் காற்றில் பிளக்கின் உலோகம் மங்கி, தொடுகை விட்டு விட்டு வரும். கருவி துண்டிக்கப்பட்டு மீண்டும் இணைந்தது என்று கேர்னல் குறிப்பேட்டில் வரி விழுந்தால் அது எக்ஸ்ரன் அல்ல, வயர். புதிய வயர் வாங்குவது ஒரு மாலை நேர ஆராய்ச்சியைவிட மலிவு.

எல்லாம் செய்தும் அடங்காத ஒரு இயந்திரமும் என்னிடம் இருந்தது. அலுவலகமொன்றில் ஓய்வுபெற்று வந்த லாப்டாப், பார்வைக்கு முன்னையதைவிட வலுவானது. வைஃபை இல்லை, வெப்பம் இல்லை, வேலை விகிதம் 0.15. ஆனாலும் வெட்டு. இப்படிப்பட்ட இடத்தில் எச்டபிள்யூ-லேட்-டிடெக்ட் என்ற சோதனையை ஓடவிட வேண்டும். அது இடையீடுகளையெல்லாம் நிறுத்திவிட்டு நேரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும். அப்போதும் நேரத்தில் ஓட்டை தெரிந்தால், இயக்குதளத்துக்குத் தெரியாமல் பயோஸ் செயலியைப் பறித்துக்கொள்கிறது என்று அர்த்தம். காற்றாடி வேகம், பற்றரிக் கண்காணிப்பு போன்ற வேலைகளுக்காகச் சில லாப்டாப்புகள் இப்படிச் செய்யும். லினக்ஸுக்கு அது நடந்ததே தெரியாது. பயோஸைப் புதுப்பித்துப் பார்க்கலாம், அதில் தேவையில்லாத அம்சங்களை முடக்கிப் பார்க்கலாம். அந்த இயந்திரத்தில் ஒன்றும் பலிக்கவில்லை. இப்போது அதில் மிக்ஸிங் மட்டும் செய்கிறேன், 2048 பஃபரில் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. பாவித்த லாப்டாப் வாங்கப் போகிறவர்கள் ஒரு லினக்ஸ் பென்டிரைவைக் கொண்டு போய்க் கடையிலேயே இந்தச் சோதனையைச் சில நிமிடம் ஓடவிட்டுப் பார்த்தால் நல்லது. கடைக்காரர் ஒருமாதிரிப் பார்ப்பார், பார்க்கட்டும்.

முதல் லாப்டாப்பில் இப்போது வாசிப்புக்கு 128, குரலுக்கு 256, மிக்ஸிங்குக்கு 1024. பதிவு இருக்கும் வாரத்தில் கணினியைப் புதுப்பிப்பதில்லை. புதிய கேர்னல் வந்தால் தொடக்க வரியில் சேர்த்த சொற்கள் இன்னும் இருக்கின்றனவா என்று முதலில் பார்ப்பேன். ஆர்டோர் விருப்பங்களில் எக்ஸ்ரன் விழுந்தால் பதிவை நிறுத்தும் தெரிவை எடுத்துவிட்டு, விழுந்த இடத்தில் அடையாளம் போடும் தெரிவை வைத்திருக்கிறேன். எப்போதாவது ஒன்று விழுந்தால் பாட்டு முடிந்ததும் அந்த அடையாளத்துக்குப் போய்க் கேட்டுப் பார்ப்போம். பெரும்பாலும் மூச்சு எடுக்கும் இடத்தில் விழுந்திருக்கும், வெட்டி ஒட்டிவிடலாம். கார்வைக்கு நடுவில் விழுந்திருந்தால் அந்த வரியை மறுபடி பாடச் சொல்ல வேண்டியதுதான்.